ஆறு நம்மைக் கொண்டுவந்து சேர்க்குமா?

அக்கா மகன் படிப்புக்காக பிரிஸ்பேன் வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீ குடிக்க வந்தவன், அடுத்த சனிக்கிழமை நண்பர்கள் மூன்று பேரோடு நூசா ஆற்றில் கயாக் என்ற துடுப்புப் படகு ஓட்டப் போவதாகச் சொன்னான். எத்தனை மணிக்குத் தண்ணீரில் இறங்குகிறீர்கள், எதுவரை போகிறீர்கள், எத்தனை மணிக்குக் கரையேறுவீர்கள் என்று கேட்டேன். "அமைதியான ஆறு மாமா. போறப்ப கொஞ்சம் எதிர்த்துத் துடுப்புப் போடணும். வர்றப்ப தண்ணியே இழுத்துட்டு வந்துடும்ல?" என்றான்.

நல்ல கேள்வி. ஏறக்குறைய எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். நாம் பார்த்து வளர்ந்த காவிரி குடகு மலையில் பிறந்து, பாறைகளில் இறங்கி, ஒகேனக்கல்லில் பரிசலைச் சுழற்றிக்கொண்டு வருகிறது. ஆறு என்றாலே இழுத்துக்கொண்டு போவது என்று மனதில் பதிந்துவிட்டது. அதனால் ‘அமைதியான ஆறு’ என்றதும், மெதுவாக இழுக்கிற ஆறு என்று எடுத்துக்கொள்கிறோம். இன்னொரு டம்ளர் டீ போட்டுக்கொண்டு, அந்த ஒரு நாளை மணிவாரியாகப் பிரித்துப் பார்த்தோம். நீங்களும் உட்காருங்கள், சேர்ந்தே பார்க்கலாம்.

முதலில் இடம். நூசா ஆறு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பேனுக்கு வடக்கே சுமார் 140 கிலோமீட்டரில் இருக்கிறது. கபி கபி மக்களின் பூர்விக மண். தெற்கு அட்சரேகை 26 டிகிரியை ஒட்டிய பகுதி. மகரரேகையைத் தாண்டிக் கொஞ்சம் தெற்கே. இப்படி வெப்பமண்டலத்தின் வாசற்படிக்கு வெளியே திண்ணையில் இருக்கிற பகுதியைத் துணை வெப்பமண்டலம் என்கிறார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை புழுக்கமும் மழையும், மத்தியானத்துக்கு மேல் இடியும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகலெல்லாம் ஊட்டியின் கோடை மாதிரி இதமாக இருக்கும். கயாக்குக்கு அந்த மாதங்கள்தான் நல்லவை.

ஆற்றின் மேல்பகுதி கிரேட் சாண்டி தேசியப் பூங்காவின் கூலூலா மணற்காட்டுக்குள் ஒடுக்கமாக வளைந்து வருகிறது. பிறகு கூத்தரபா என்ற பெரிய ஏரியில் சேர்கிறது. அங்கிருந்து மறுபடி ஆறாகி, கூரொய்பா என்ற சின்ன ஏரியையும் கடந்து, டிவான்டின், நூசாவில் என்ற ஊர்கள் வழியாகக் கடலுக்குப் போகிறது. ஒரே கொடியில் காய்த்த இரண்டு பூசணிக்காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் பயணம் போகிறவர்கள் பெரும்பாலும் கூத்தரபா ஏரியின் மேற்குக் கரையிலுள்ள போரீன் பாயின்ட்டிலோ இலாண்டா பாயின்ட்டிலோ கயாக்கை இறக்குவார்கள். ஏரியின் வடகோடியில் கினாபா என்ற இடம். அதன் வழியாக மேல் ஆற்றுக்குள் நுழைவார்கள்.

அங்கே எடுத்த படங்களில் தண்ணீர் கறுப்பாக இருந்ததைப் பார்த்து, "சாக்கடை எதுவும் கலக்குதா மாமா?" என்று கேட்டான். அடுப்பில் மிச்சமிருந்த டிகாஷனைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் காட்டினேன். ஆறு கறுப்பதும் இதே கதைதான். கரையோரச் சதுப்பில் நிற்கும் பேப்பர்பார்க் மரங்களும் புதர்களும் உதிர்க்கிற இலையும் பட்டையும் ஊறி, அவற்றிலிருந்து டானின் இறங்குகிறது. டானின் என்பது துவர்ப்புப் பொருள். கடுந்தேநீர் குடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்குமே, அது. களிமண் கலந்த நிலமாக இருந்தால் அந்தச் சாயத்தில் பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இங்கே வெறும் மணல். அப்படியே ஆற்றுக்கு விட்டுவிடுகிறது. உள்ளங்கையில் அள்ளினால் இளந்தேநீர் நிறம், ஆழத்தில் பார்த்தால் மை.

இன்னொன்றும் செய்து பார்த்தோம். பால் ஊற்றின டீயையும் டிகாஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே எரியும் விளக்கைத் தேடினோம். டிகாஷனில் விளக்கு அச்சாகத் தெரிந்தது. பால் டீயில் வெளிச்சம் மங்கிப் பரவிக் கிடந்தது. பாலுக்குள் போகிற ஒளி சிதறித் திரும்பி வந்து, மேலே விழும் பிம்பத்தை வெளுத்துவிடுகிறது. டிகாஷனுக்குள் போன ஒளி திரும்புவதில்லை, அதனால் பிம்பம் மட்டும் நிற்கிறது. நூசா மேல் ஆற்றைக் கண்ணாடி ஆறு என்று சொல்வது இதனால்தான். விடிகாலையில் மரம் எது, மரத்தின் பிம்பம் எது என்று கரைக்கோட்டைத் தேட வேண்டியிருக்கும். லேசாகக் காற்று எழுந்தாலும் அந்தக் கண்ணாடி சுருங்கிவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கையில் கருவி எதுவும் இல்லாதபோது, காற்று வந்துவிட்டது என்று முதலில் சொல்வது அந்தச் சுருக்கம்தான்.

இப்போது அவன் கேள்விக்கு வருவோம். தண்ணீர் ஓட வேண்டுமானால் சரிவு வேண்டும். சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் சாய்த்தால் ரசம் ஓடும், மட்டமாக வைத்தால் நிற்கும். நூசாவின் மேல் ஆறு கடல்மட்டத்துக்கு மிக அருகிலேயே கிடக்கும் மணல் சமவெளியில் வருகிறது. மழை கொட்டிய நாட்களை விட்டால், அங்கே ஓட்டம் என்பது கண்ணுக்கே தெரியாது. ஒரு இலையைப் போட்டுவிட்டு நூறு எண்ணிப் பாருங்கள். இருந்த இடத்திலேயே இருக்கும், அல்லது காற்று அடிக்கிற பக்கம் நகர்ந்திருக்கும். நம்மைக் கொண்டுவந்து சேர்க்கும் சக்தி அந்த நீருக்கு இல்லை. அது அமைதியாக இருப்பதே சரிவில்லாததால்தான்.

கடலுக்குப் பக்கத்தில் கதை வேறு. நூசாவில் ஊர் அருகே, கடல் ஏறி இறங்கும் ஓதத்தால், ஆற்றுநீர் நாளுக்கு இரண்டு தடவை மேல்நோக்கியும் இரண்டு தடவை கீழ்நோக்கியும் ஓடும். ஏற்றமும் வற்றமும் ஒவ்வொன்றும் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேலே. அங்கே போகிறவர் ஓத அட்டவணையைப் பார்த்து, ஏறும் நீரோடு உள்ளே போய், இறங்கும் நீரோடு திரும்பலாம். ஆனால் முகத்துவாரத்தில் ஓதம் திரும்பிய நேரமும் உள்ளே திரும்பும் நேரமும் ஒன்றல்ல. கல்யாணப் பந்தியில் முதல் இலைக்கு விழுந்த சாம்பார் கடைசி இலைக்கு வர நேரம் பிடிக்குமல்லவா, அது மாதிரி உள்ளே போகப்போகத் தாமதமாகும். இரண்டு ஏரிகளையும் நிரப்பிக் கடந்து வருவதற்குள் ஓதத்தின் வேகமும் அடங்கிவிடுகிறது. மேல் ஆற்றில் அதை நம்பிப் பயணம் போட முடியாது.

சரிவு இழுக்கவில்லை, ஓதமும் எட்டவில்லை. அப்புறம் நம்மை யார் தள்ளுகிறார்கள்? காற்று. கயாக்கின் உடல் பெரும்பாலும் தண்ணீர்மட்டத்தோடு இருக்கும். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் நாம்தான் அதற்குப் பாய்மரம். காற்றின் வேகம் இரட்டித்தால், அது நம் நெஞ்சில் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 10 கிலோமீட்டர் காற்றை முகத்தில் இதமாக உணர்ந்தவர், 20 கிலோமீட்டர் காற்றில் ‘கொஞ்சம் அதிகம்’ என்று எதிர்பார்த்துப் போனால் திணறிவிடுவார்.

காற்று உண்மையில் வேலையைக் காட்டுவது ஏரியில். கூத்தரபா ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளம், 5 கிலோமீட்டர் அகலம். சராசரி ஆழமோ ஒன்றரை மீட்டர்தான். பல இடங்களில் நின்றால் இடுப்பளவு, மார்பளவு. ஆழமில்லாத ஏரி என்றதும் பயமில்லை என்று தோன்றும். அலை விஷயத்தில் நேர்மாறு. தட்டில் ஊற்றிய டீயை ஊதினால் சின்னச் சுருக்கம் வரும், அகலமான தாம்பாளத்தில் நீர் ஊற்றி ஊதினால் சுருக்கம் ஓடிப்போய்ப் பெரிதாகும். காற்று தடையில்லாமல் ஓட எவ்வளவு நீர்ப்பரப்பு கிடைக்கிறதோ, அவ்வளவுக்கு அலை வளரும். வளர்ந்த அலையின் அடிப்பாகம் ஆழமில்லாத தரையில் இடறுகிறது. ஓடுகிறவன் கால் தடுக்கினால் உடம்பு முன்னால் சாயும். அலையும் அப்படித்தான், நெருங்கி நெருங்கி, செங்குத்தாக, குட்டையாக எழும். உயரம் அரை மீட்டர்கூட இருக்காது. ஆனால் ஒன்றிலிருந்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்தது வந்து மடியில் ஊற்றும்.

இங்கே வந்த முதல் வருடம் நானும் என் மனைவியும் இதில் மாட்டினோம். இருவர் கயாக் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் காலையில் கிளம்பினோம். முதுகில் மெல்லிய காற்று. நமக்கு நன்றாகத் துடுப்புப் போட வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். மத்தியானம் இரண்டு மணிக்கு ஆற்றிலிருந்து ஏரிக்குள் திரும்பியபோது, காலையில் கண்ணாடியாகக் கிடந்த நீர் முழுக்க வெள்ளை நுரை. கரையில் உச்சி ஒடிந்த ஒரு வெளுத்த மரம் இருந்தது. அதைக் குறி வைத்துத் துடுப்புப் போட்டோம். கால் மணி நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தேன். மரம் அதே இடத்தில், அதே அளவில் நின்றது. அவள் ஒன்றும் பேசவில்லை. துடுப்பை மடியில் வைத்துவிட்டு உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள், கட்டைவிரல் அடியில் தோல் உரிந்திருந்தது. அந்தச் சில நொடிகளில் காற்று எங்களைப் பின்னால் கொண்டுபோய்விட்டது. கடைசியில் மெல்லக் கரையை ஒட்டி ஒதுங்கி, இறங்கி, கயாக்கைக் கயிற்றில் பிடித்து முழங்கால் நீரில் இழுத்துக்கொண்டே நடந்து வந்தோம்.

அன்று நடந்ததற்குக் கணக்கு இருக்கிறது. காகிதத்தில் போட்டுக் காட்டினேன். போக 10 கிலோமீட்டர், வர 10. காற்றே இல்லாவிட்டால் நம் வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர். ஆக மொத்தம் ஐந்து மணி நேரம். இப்போது போகும்போது காற்று முதுகில், வேகம் 5. இரண்டு மணி நேரத்தில் போய்விட்டோம். வரும்போது அதே காற்று முகத்தில், வேகம் 3; மூன்று மணி இருபது நிமிடம். கொடுத்ததும் எடுத்ததும் மணிக்கு ஒரு கிலோமீட்டர்தானே, சரிக்குச் சரியாகிவிட வேண்டாமா? ஆகாது. வேகம் கூடிய பாதியில் நாம் இருக்கிற நேரம் குறைவு, குறைந்த பாதியில் இருக்கிற நேரம் அதிகம். அதனால் காற்று எப்போதும் கொடுத்ததைவிட அதிகமாகவே எடுத்துக்கொள்ளும். இதோடு களைப்பைச் சேருங்கள். காற்றும் மத்தியானம்தான் வலுக்கும். நிலம் சூடேறி அங்குள்ள காற்று மேலே எழ, அந்த இடத்தை நிரப்பக் கடல்காற்று உள்ளே வரும். திரும்பும் வேகம் இரண்டரையாக இறங்கினால் அந்தப் பாதி மட்டும் நான்கு மணி நேரம்.

ஆகவே பயணத்தைத் திரும்பும் முனையிலிருந்து போட வேண்டும். ஜூன் மாதத்தில் அங்கே மாலை ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும். இருட்டுக்கு ஒரு மணி நேரம் விட்டு, நான்கு மணியை எல்லையாக வைத்தோம். காலை ஏழு மணிக்குத் தண்ணீரில் இறங்கினால் கையில் ஒன்பது மணி நேரம். அதை மூன்று கூறாக்கினோம்: போக மூன்று, வர மூன்று, மிச்ச மூன்றைத் தொடவே கூடாது. அது காற்றுக்கும், கை உரிவதற்கும், யாராவது கவிழ்வதற்கும். அப்படியானால் பத்து மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும். இடத்தை வைத்துத் திரும்புகிறவர் ‘இன்னும் ஒரு வளைவு’ என்று போய்க்கொண்டே இருப்பார். கடிகாரத்தை வைத்துத் திரும்புகிறவருக்கு அந்தச் சபலம் இல்லை. குடிநீரும் இதே மூன்று கூறுதான். ஆளுக்கு மூன்று லிட்டராவது வேண்டும், அந்தத் தேநீர் நிற ஆற்றை நம்பிப் போகக் கூடாது.

அடுத்து வானிலை முன்னறிவிப்பு. முந்தின நாள் இரவும் அன்று விடிகாலையும், இரண்டு தடவை பார்க்க வேண்டும். ‘தென்கிழக்குக் காற்று’ என்று போட்டிருந்தால் தென்கிழக்கை நோக்கிப் போவது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். தெற்கிலிருந்து வருவதால் தென்றல், வடக்கிலிருந்து வருவதால் வாடை என்கிறோமே, அதே முறைதான். புறப்படும் திசையைத்தான் பெயர் சொல்லும். தென்கிழக்குக் காற்று இந்த ஏரியில் நம்மை வடக்கே ஆற்று வாயை நோக்கிப் பிரியமாகத் தள்ளும், திரும்பும்போது எதிர்த்து நிற்கும். வேகத்தை ‘நாட்’ என்ற கடல் அளவில் போடுவார்கள். ஒரு நாட் மணிக்கு 1.85 கிலோமீட்டர். புதியவர்களுக்கு நான் வைக்கிற கோடு 10 நாட். 15 நாட் என்றால் ஏரியைக் கடக்கும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. மேல் ஆற்றங்கரையில் ஹாரிஸ் ஹட் என்ற பழைய மரவெட்டிகளின் குடில் இருக்கிறது. நான்கு சக்கரங்களும் இழுக்கிற வண்டி இருந்தால் காட்டுப் பாதையில் நேராக அங்கே போய்க் கயாக்கை இறக்கலாம். இரண்டு பக்கமும் மரம் நிற்கிற ஒடுக்கமான ஆற்றில் காற்றுக்கு ஓட இடம் இல்லை. ஏரியில் நுரை பறக்கிற நாளிலும் அங்கே கண்ணாடி பெரும்பாலும் உடையாது.

காற்று பக்கவாட்டில் அடித்தால் கயாக்கின் மூக்கு தானாகக் காற்றை நோக்கித் திரும்பும். புதியவர்கள் தங்கள் துடுப்புதான் கோணல் என்று நினைத்துச் சங்கடப்படுவார்கள். மூக்கணாங்கயிற்றை ஒருவர் இறுகப் பிடித்திருக்க, இன்னொருவர் மாட்டை விலாவில் தள்ளினால் என்ன ஆகும்? தலை நிற்கும், பின்பக்கம் விலகும். ஓடுகிற கயாக்கின் முன்முனையைக் கலங்காத நீர் இரண்டு பக்கமும் இறுகப் பிடித்திருக்கிறது. பின்முனையோ கலங்கிய நீரில் தளர்ந்து கிடக்கிறது. காற்று பின்பக்கத்தைத் தள்ளிக்கொண்டு போக, மூக்கு காற்றைப் பார்க்கிறது. வாடகைக்கு எடுக்கும்போது சுக்கான் வைத்த கயாக் கேட்டு வாங்குங்கள், பாதி வேலை மிச்சம்.

துடுப்பைக் கையால் இழுக்க வேண்டாம். கிணற்றில் நீர் இறைத்த பாட்டிமார் தோளால் இழுத்ததில்லை, இடுப்பைத் திருப்பித்தான் இழுத்தார்கள். அதேதான் இங்கேயும். பிடி தளர்வாக இருக்கட்டும். லைஃப் ஜாக்கெட்டைக் கயாக்கில் கட்டி வைக்காமல் உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். கவிழ்ந்த பிறகு தண்ணீரில் அதை மாட்டுவது நடக்கிற காரியமில்லை. கவிழ்ந்தால் கயாக்கை விட்டு நீந்தக் கூடாது. முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி அவசியம். இங்கே புற ஊதாக் கதிர்க் குறியீடு 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும் என்பார்கள், கோடையில் அது 11-ஐத் தாண்டும். கண்ணாடி ஆறு அண்ணாந்து பார்க்காதவர் முகத்தையும் கீழிருந்து சுடும்.

கடைசி வேலை கரையில் இருக்கிற ஒருவருடையது. மேல் ஆற்றில் போன் சிக்னலை நம்ப முடியாது. எங்கே இறங்குகிறோம், எத்தனை பேர், கயாக் என்ன நிறம், எத்தனை மணிக்குத் திரும்புகிறோம், எத்தனை மணி வரை செய்தி வராவிட்டால் அவசர எண் 000-க்கு அழைக்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். அந்தக் காகிதம் எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டப்பட்டது. நான்கு பேர், இரண்டு மஞ்சள் கயாக், நான்கு மணி.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டே முக்காலுக்குப் போன் வந்தது. "மாமா, கரையேறிட்டோம். ஏரியில இப்பத்தான் நுரை கட்ட ஆரம்பிக்குது." பின்னால் நண்பர்களின் சிரிப்பும் டிபன் பாக்ஸ் திறக்கிற சத்தமும் கேட்டன. சரியாகப் பத்து மணிக்குத் திரும்பினார்களாம். ஹாரிஸ் ஹட் வரை போகவில்லை. கொஞ்ச நேரம் ஏரியைப் பற்றிச் சொல்லிவிட்டு, வைக்கப்போகும் சமயம் கேட்டான்: "நாங்க திரும்பின இடத்துல ஆறு இடது பக்கம் வளைஞ்சு போச்சு மாமா. அதுக்கு அந்தாண்ட என்ன இருக்கு?"